இயர்போன் சத்தம் சரியில்லையா? டிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

ஒருமுறை, புதிதாக வாங்கிய இயர்போனைத் திருப்பி அனுப்புவதற்காக மறுபடி பெட்டியில் வைத்து டேப்பும் ஒட்டிவிட்டேன். பேஸ் எனும் தாழ்ந்த ஒலியே அதில் இல்லை. மிருதங்கம் கேட்டால் வலந்தலைச் சத்தம் தெறிக்கிறது, இடப்பக்கத் தொப்பியின் கனம் மட்டும் காணோம். பெட்டியை ஒட்டி முடித்த பிறகுதான், உள்ளே ஒரு சின்ன உறையில் பிரிக்காமலே கிடந்த பெரிய அளவு டிப்புகள், அதாவது காதுக்குள் போகும் ரப்பர் முனைகள், ஞாபகத்துக்கு வந்தன. டேப்பைப் பிரித்து, வலது பக்கத்துக்கு மட்டும் பெரிய டிப்பை மாட்டிப் பார்த்தேன். காணாமல் போன தொப்பி வந்துவிட்டது. அந்த இயர்போனைத்தான் இன்றும் கேட்கிறேன்.

அதிலிருந்து, யார் தங்கள் இயர்போனைக் குறை சொன்னாலும் நான் முதலில் கேட்பது "என்ன டிப் போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான். காதுக்குள் போகும் அந்த ரப்பர் முனை வெறும் மெத்தை மாதிரி தெரியும். உண்மையில் அது இயர்போனின் ஒலி அமைப்பிலேயே ஒரு பாகம். டிப் செய்யும் வேலை இரண்டு: காதை அடைப்பது, இயர்போன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது. அடைப்பு கெட்டால் பேஸ் கெடும். ஆழம் மாறினால் ட்ரெபிள் எனும் உச்ச ஒலி மாறும். கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இந்தச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள்.

முதலில் ஒரு சோதனை

இயர்போனை வழக்கம்போல் மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டாம். வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுங்கள். இரண்டு காதும் ஒழுங்காக அடைபட்டிருந்தால் அந்த முனகல் தலைக்கு நடுவில் கனமாகக் கேட்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்டால், சாய்கிற பக்கம் அடைபட்டிருக்கிறது, எதிர்ப்பக்கம் காற்று கசிகிறது என்று அர்த்தம். நடுவிலேயே கேட்கிறது, ஆனால் கனமே இல்லை என்றால் இரண்டு பக்கமும் கசிகிறது.

அப்புறம், பேஸ் நிறைய இருக்கும், உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். பாடும்போதே இரண்டு இயர்போனையும் விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் கசிவு உறுதி. அழுத்தியும் எதுவும் மாறவில்லை என்றால் அடைப்பு சரி, தொல்லை வேறெங்கோ இருக்கிறது. போனில், வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் செயலி வைத்திருந்தால் பாட்டுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு இதையே செய்யலாம், இன்னும் தெளிவாகத் தெரியும்.

சில வயர்லெஸ் இயர்போன்களில் இந்தச் சோதனை உள்ளேயே இருக்கிறது. 2019-ல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோவில், ஒரு சத்தத்தை ஒலிக்கவிட்டு, காதுப் பக்கம் பார்த்திருக்கும் மைக்கால் அதை அளந்து, டிப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்லிவிடும். நல்ல வசதி. ஆனால் நீங்கள் வாயை மூடிச் சும்மா இருக்கும் அந்தச் சில நொடிகளை மட்டுமே அது பார்க்கிறது. பேசும்போதும் மெல்லும்போதும் கசிவது அதற்குத் தெரியாது. அதனால் அது 'பொருந்துகிறது' என்று சொன்னாலும், தாடையை அசைத்தபடி நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

"பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி கேட்கிறது"

எல்லாவற்றிலும் அதிகமாகக் காதில் விழும் புகார் இது. பத்தில் ஒன்பது முறை கசிவுதான் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் காற்றெல்லாம் பக்கவாட்டில் கசிந்துவிடும், அழுத்தமே சேராது. வேகமாக அடித்தால் கசிவதற்குள் கொஞ்சமாவது டயருக்குள் போகும். இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவரும் ஒரு குட்டிப் பம்புதான். டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் இருக்கும் துளியூண்டு காற்றை அது முன்னும் பின்னும் தள்ளுகிறது. பேஸ் என்பது மெதுவான தள்ளல், நொடிக்கு நாற்பது ஐம்பது முறைதான். இடுக்கு இருந்தால் காற்று தப்பிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. ட்ரெபிள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அடிப்பதால் அதே இடுக்கு அதை அதிகம் பாதிப்பதில்லை. அதனால்தான் கசிவு வந்தால் மொத்தச் சத்தமும் குறையாமல் பேஸ் மட்டும் காணாமல் போகிறது. மயிரிழை இடுக்கு போதும், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபலுக்கு மேல் இழந்துவிடலாம். அந்த இழப்பை, பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் ஏற்றிச் சரிக்கட்டப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

சரி, என்ன செய்வது? முதலில் மாட்டும் முறையைப் பாருங்கள். காதுக்குழாய் நேர்க்குழாய் கிடையாது, லேசாக வளைந்திருக்கும். வலது இயர்போனை வலது கையில் பிடித்து, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து வலது காதுமடலை மேலும் பின்னும் இழுங்கள். வளைவு நேராகும். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, இயர்போனை லேசாகத் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். பிறகு மடலை விடுங்கள். காதுக்குழாய் டிப்பின் மேல் வந்து உட்காரும். இடது காதுக்கும் இதேபோல. வெறுமனே நேராக அழுத்துகிறவர்களுக்கு இது ஒன்றே போதுமானதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அது உதவவில்லை என்றால் அளவை மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் இயர்போனோடு மாட்டியே வந்த நடுத்தர அளவிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். ஒரு அளவு பெரிதாகப் போய்ப் பாருங்கள். அதற்கு நேரெதிராக, ஒரு அளவு சின்னதையும் சோதிக்காமல் விடாதீர்கள். பெரிய டிப் காது வாசலிலேயே முட்டி நின்று சுருக்கம் விழுந்து, அந்தச் சுருக்கத்தின் வழியே கசியலாம். சின்னது இன்னும் உள்ளே போய், குழாய் குறுகும் இடத்தில் நன்றாக அடைத்துவிடும். எது என்று மாட்டிப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

மூன்று அளவும் தோற்றால் பொருளை மாற்ற வேண்டும். குழாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பவர்களுக்கு வட்டமான சிலிக்கான் டிப் எப்போதும் இரண்டு ஓரத்தில் இடைவெளி விடும். அவர்களுக்கு ஃபோம் டிப் நல்லது, அது காதின் வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். ஆனால் ஃபோமை அப்படியே திணிக்கக் கூடாது. சுத்தமான விரல்களால் உருட்டிச் சன்னமாக்கி, உடனே உள்ளே வைத்து, விரியும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். குளிரில் ஃபோம் விறைத்துக்கொள்ளும், கையில் கொஞ்சம் சூடேற்றிவிட்டு உருட்டுங்கள். "ஃபோம் போட்டும் பேஸ் வரவில்லை" என்று சொன்னவர்களில் பலர் உருட்டாமல் மாட்டியவர்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு கசிவு உண்டு. அது காதில் இல்லை, டிப்புக்கும் அது மாட்டியிருக்கும் குழல் முனையான நாசிலுக்கும் நடுவில் இருக்கிறது. வேறு இயர்போனின் டிப்பை எடுத்து மாட்டியிருந்தால், அதன் நடுத்துளை உங்கள் நாசிலைவிடப் பெரிதாக இருக்கலாம். காதில் கச்சிதமாக உட்காரும், ஆனால் காற்று உள்பக்கமாகத் தப்பிக்கும். டிப்பைப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் அதுதான் வியாதி.

"ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவு"

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: காது, டிப் அல்லது நாசில், உள்ளே டிரைவர். எது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றாமல் செய்யுங்கள்.

இடது வலது டிப்புகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். குறை மறுபக்கம் போய்விட்டால் டிப்தான் குற்றவாளி: கிழிசல் இருக்கும், அல்லது துளையில் குறும்பி அடைத்திருக்கும். குறை அதே பக்கம் இருந்தால் இயர்போன்களையே காது மாற்றி மாட்டிப் பாருங்கள். காதின் வளைவுக்கேற்ற வடிவம் என்றால் சரியாக உட்காராது, ஒரு நிமிடம் கையால் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும். இப்போது குறை இயர்போனோடு சேர்ந்து மறுகாதுக்குப் போனால் இயர்போனில் கோளாறு. எந்த இயர்போனை வைத்தாலும் அதே காதில் குறைந்தால் உங்கள் காதையும் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும்.

இயர்போனில் என்றதும் டிரைவர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டிப்பைக் கழற்றி, நாசில் வாயில் இருக்கும் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். மெழுகு மாதிரி மஞ்சளாக ஒரு படலம் தெரிந்தால் அதுதான். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால், நாசிலைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்தபடி துடையுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் விழும். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம், வலை கிழிந்தால் முடிந்தது கதை.

காதுதான் காரணம் என்றால் பெரும்பாலும் அது சாதாரண விஷயம். நம் இரண்டு காதுக்குழாய்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு என்று போடுவதில் எந்தத் தவறும் கிடையாது. நானே அப்படித்தான் போடுகிறேன். ஜோடி மாறிவிட்டதே என்று யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் எந்த இயர்போனிலும், போனைக் காதில் வைத்துப் பேசும்போதும்கூட, அதே காதில் சத்தம் குறைவாக இருந்தால் டிப்பை விட்டுவிட்டு காது மருத்துவரிடம் போங்கள். குறும்பி உருண்டு அடைத்திருக்கலாம். திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றே போவது நல்லது.

"'ஸ்', 'ச' எல்லாம் காதில் குத்துகிறது"

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது, ஏனென்றால் டிப்பின் வேலை முழுதாகத் தெரிவது இங்கேதான்.

மூடாத காதில், வாசலிலிருந்து செவிப்பறைவரை சுமார் 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு காற்றுத்தூண் இருக்கிறது. ஒரு முனை மட்டும் திறந்த குழாய் போல அது சுமார் 3 கிலோஹெர்ட்ஸில் தானாக ஒலியைப் பெருக்கும். பிறந்ததிலிருந்து நாம் உலகத்தை அப்படித்தான் கேட்கிறோம். டிப்பை வைத்து வாசலை அடைத்ததும் குழாயின் இரண்டு முனையும் மூடிவிடுகிறது, பெருக்கம் வேறொரு இடத்துக்குத் தாவுகிறது. மிச்சமிருக்கும் காற்றுத்தூண் 22 மில்லிமீட்டர் என்றால் தோராயமாக 8 கிலோஹெர்ட்ஸ். 17 மில்லிமீட்டர் என்றால் 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. தூண் குட்டையாகக் குட்டையாக இந்தப் பெருக்கத்தின் முகடு மேலே ஏறும்.

'ஸ்', 'ச', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. டிப் மேலோட்டமாக நின்றால் முகடு 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி, நேராக அந்த ஒலிகளின் தலையில் விழும். பாடகர் ஒவ்வொரு 'ச' சொல்லும்போதும் ஊசி குத்தும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழமாக மாட்டினால் முகடு மேலே நகர்ந்து, குத்தல் தணிந்துவிடும். ஒரு அளவு சின்ன டிப் இதற்கு உதவுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு முரணாகத் தோன்றும், ஆனால் சின்னது உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

உங்கள் முகடு எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். டோன் ஜெனரேட்டரில் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 வரை மெதுவாக நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் ஒலி திடீரென்று கூர்மையாக எழும்பும். அங்கேயே நிறுத்தி, இயர்போனை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளுங்கள். ஒலி தணியும். இப்போது டயலை மேலே நகர்த்தினால் முகடு புதிய இடத்தில் நிற்பது தெரியும். முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை நாள் இயர்போனின் குணம் என்று நினைத்தது என் காதும் டிப்பும் சேர்ந்து செய்த வேலை.

இயர்போன்களை அளக்கும் செயற்கைக் காதில், ஒப்பிட வசதியாக, இந்த முகட்டை 8 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து வைத்து அளப்பது வழக்கம். உங்கள் காதில் அது 7-லும் இருக்கலாம், 9-லும் இருக்கலாம். அப்படி அளந்து போட்ட வரைபடத்தில் பதமாகத் தெரியும் ஒரு இயர்போன் உங்களுக்குக் குத்துவதும், இன்னொருவருக்கு இனிப்பதும் இதனால்தான். வரைபடம் பொய் சொல்லவில்லை, அது வேறொரு காதின் கதையைச் சொல்கிறது.

ஆழத்தை மாற்ற முடியவில்லை என்றால் டிப்பின் வாயைப் பாருங்கள். அகலமான துளை ட்ரெபிளை அப்படியே விடும். குறுகிய துளை கொஞ்சம் மழுக்கும். ஃபோம் இன்னும் கொஞ்சம் உறிஞ்சும். குத்தலுக்குக் குறுகிய துளை அல்லது ஃபோம் என்பது நல்ல ஆரம்பம். எல்லா இயர்போனிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சத்தியம் செய்ய முடியாது, நாசிலின் நீளமும் இதில் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு விஷயம். பேஸ் கசிந்து போனாலும் ட்ரெபிள் குத்துகிற மாதிரிதான் தோன்றும், தாங்கிப் பிடிக்க அடியில் ஆள் இல்லாததால். அதனால் முனகல் சோதனையில் தேறாமல் இந்தத் தலைப்புக்கு வந்திருந்தால் மேலே போய் கசிவைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

"போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி மந்தமாக இருக்கிறது"

மேலே சொன்னதற்கு நேரெதிர். ஃபோம் போட்டிருந்தால் அதன் நடுத்துளை காதுக்குள் நசுங்கி மூடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். குறுகலான காதில் பெரிய ஃபோமைத் திணித்தால் இது நடக்கும். ஒரு அளவு குறையுங்கள், அல்லது அகலத் துளை சிலிக்கானுக்கு மாறுங்கள். மென்மையான சிலிக்கான் டிப்பின் முனையும் வளைவில் மடங்கி, சத்தம் குழாய்ச் சுவரில் போய் முட்டலாம். இயர்போனைக் கொஞ்சம் திருப்பிக் கோணத்தை மாற்றினால் திறந்துகொள்ளும். நாள் செல்லச்செல்ல மந்தமாகிக்கொண்டே வந்திருந்தால் நாசில் வலையில் குறும்பி.

இவை எதுவும் இல்லை, அடைப்பும் அருமை, ஆனாலும் பேஸ் எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது என்றால் அது அந்த இயர்போனின் சுபாவம். வேண்டுமென்றே டிப்பைத் தளர்த்தி பேஸைக் கசியவிடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலையை அசைத்தால் ஒரு சத்தம், நிமிர்ந்தால் ஒரு சத்தம் என்று ஆகிவிடும். அடைப்பை உறுதியாக வைத்துக்கொண்டு ஈக்குவலைசரில் குறைப்பதே மேல்.

"நழுவி விழுந்துகொண்டே இருக்கிறது"

காதுக்குழாயின் வெளி மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. தாடையை அசைத்தால் அதன் வடிவம் மாறும். பேசும்போதும் சிரிக்கும்போதும் டிப் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுவது இதனால். ஓடும்போது வியர்வையும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் காது வாசலையும் டிப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். தோலின் எண்ணெய்ப் படலம் ஏறிய சிலிக்கான் வழுக்கத்தான் செய்யும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு போட்டுக் கழுவி, முழுக்கக் காயவைத்தால் பழைய பிடிப்பு திரும்பும். டிப்பைக் கழற்றிக் கழுவுங்கள், இயர்போனை நனைக்க வேண்டாம். ஃபோமைக் கழுவி ஊறவைக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் போதும், ஆல்கஹால் படவே கூடாது.

அப்படியும் நழுவினால் ஃபோம், அல்லது இரண்டடுக்கு சிலிக்கான். ஒரு அடுக்கு பேச்சில் விலகினாலும் மற்றது பிடித்திருக்கும். கனமான இயர்போன் என்றால் டிப்பை மட்டும் நம்பக் கூடாது. ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்தால் எடையை மடல் தாங்கும். டிப்பின் வேலை அடைப்பது, சுமப்பதை வேறு ஏதாவது செய்ய வேண்டும்.

"அரைமணி நேரத்தில் வலிக்கிறது"

எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். மடலின் குழிவில் வலித்தால் இயர்போனின் உடல்தான் இடிக்கிறது. நீளமான டிப் போட்டால் உடல் கொஞ்சம் வெளியே நகர்ந்து இடிப்பது நிற்கலாம். குழாய்க்குள் சுற்றிலும் வலித்தால் டிப் பெரிது, ஒரு அளவு இறங்குங்கள். ஃபோம் மென்மையானது என்று பெயர், ஆனால் அது எப்போதும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். மணிக்கணக்கில் கேட்கிறவர்களுக்கு மெல்லிய சிலிக்கான் இதமாக இருப்பதும் உண்டு.

வலி இல்லை, அழுத்தம் மட்டும், விமானத்தில் காது அடைக்கிற மாதிரி என்றால் மாட்டும்போது காற்று உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. மடலை ஒருமுறை இழுத்துவிட்டால் காற்று வெளியேறி அழுத்தம் சமமாகும். கழற்றும்போதும் நேராகப் பிடுங்காதீர்கள், லேசாகத் திருகி அடைப்பை உடைத்துவிட்டு எடுங்கள். கழற்றிய பிறகும் வலி நிற்கவில்லை, நீர் வடிகிறது என்றால் அது டிப் விஷயம் கிடையாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

"அரிக்கிறது"

ஈரமும் அழுக்கும் முதல் சந்தேகம். குளித்தவுடன் மாட்டாதீர்கள். வாரம் ஒருமுறையாவது டிப்பைக் கழுவுங்கள். காதுக்குக் காற்றுப் பட இடைவெளி விடுங்கள். பொருளை மாற்றியும் அரிப்பு தொடர்ந்தால் சில நாள் எதையும் மாட்டாமல் இருங்கள், அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவர்.

"என் குரலே தலைக்குள் முழங்குகிறது, நடந்தால் காலடி இடிக்கிறது"

அடைப்பு சரியாக இருக்கிறது என்பதற்கு இது அடையாளம், தொல்லை கொடுக்கும் அடையாளம். நாம் பேசும்போது எலும்பு வழியாகப் போகும் அதிர்வு, காதுக்குழாயின் வெளிப்பகுதிச் சுவரை ஆட்டி உள்ளே ஒலி உண்டாக்குகிறது. திறந்த காதில் அது வெளியே போய்விடும். வாசலை அடைத்தால் போக வழியின்றி செவிப்பறையில் மோதும். குறைந்த அதிர்வெண்களில் இது 20 டெசிபல்வரைகூட ஏறும்.

இதற்கு வழி இரண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில். ஒன்று இன்னும் ஆழமாகப் போவது. குழாயின் உள்பகுதி எலும்பால் ஆனது, அதிர்வது குறைவு. டிப் அந்த இடத்தை நெருங்கி அடைத்தால் முழக்கம் குறையும். 1991-ல் எடிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-4 இயர்போன், மூன்றடுக்கு டிப்போடு இப்படி ஆழமாக உட்காரும் வகை. எல்லோருக்கும் பழகாது. பழகியவர்கள் விடமாட்டார்கள். ஆழமாக மாட்டும் வகைகளில் அவசரமே கூடாது, வலிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, அடைப்பையே விட்டுக்கொடுப்பது. தொலைபேசியில் நாள் முழுக்கப் பேசுகிறவர் என்றால், காதை அடைக்காத இயர்போன் நிம்மதி தரும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி உங்கள் இயர்போனில் இருந்தால் அதுவும் ஓரளவு உதவும்.

ஒயர் சட்டையில் உரசும் சத்தம் 'டொக் டொக்' என்று கேட்டால், காதுக்கு மேல் சுற்றுங்கள், அல்லது காலரில் ஒரு கிளிப் போடுங்கள்.

"மாட்டும்போது 'சரசர' என்று ஒரு சத்தம்"

உள்ளே சிக்கும் காற்று டிரைவரின் மெல்லிய படலத்தை அழுத்தி மடக்கும் சத்தம் இது. மெதுவாக, மடலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கள். அகலத் துளையும் குட்டையான உடலும் கொண்ட டிப்பில் குறையும். மாட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பாடினால் கவலைப்பட ஏதுமில்லை.

"நாய்ஸ் கேன்சலிங் போட்டும் சத்தம் உள்ளே வருகிறது"

நாய்ஸ் கேன்சலிங் பெரும்பாலும் தாழ்ந்த இரைச்சலைத்தான் அடக்கும்: இன்ஜின் உறுமல், மின்விசிறி. பேச்சுச் சத்தத்தையும் தட்டு விழும் சத்தத்தையும் தடுக்க வேண்டியது டிப்தான். டிப் கசிந்தால் இரண்டு வேலையும் கெடும், ஏனென்றால் உறுமலை எதிர்த்து இயர்போன் உண்டாக்கும் ஒலியும் தாழ்ந்த ஒலியே, அதுவும் அதே இடுக்கு வழியே ஓடிவிடும். உறுமல் ஒரு காதில் மட்டும் கேட்டால் அந்தப் பக்கத்து அளவை மாற்றுங்கள்.

இதில் நான் உண்மையாகவே கவலைப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. கசியும் டிப் போட்டவர் வெளி இரைச்சலுக்கு மேலே கேட்பதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணிநேரம், 86-ல் 10. நல்ல அடைப்பு இருந்தால் பேருந்திலும் வீட்டில் வைக்கும் அளவிலேயே கேட்கலாம்.

"டிப் மாற்றினேன், இப்போது கேஸ் மூடவில்லை"

வயர்லெஸ் இயர்போனுக்கு வெளியில் டிப் வாங்கும்போது உயரத்தையும் பார்க்க வேண்டும். நீளமானதைப் போட்டால் மூடி மூடாது, அல்லது மூடினாலும் சார்ஜ் முனைகள் தொடாது. காலையில் எடுத்தால் ஒரு பக்கம் செத்துக் கிடக்கும். காதில் இருப்பதை உணரும் சென்சாரை ஃபோம் மறைத்து, பாட்டு தானாக நிற்பதும் உண்டு. குட்டையான வகை வாங்குங்கள்.

நாசில் அளவும் முக்கியம். பெரும்பாலான நாசில்கள் 4 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஷூர், எடிமோட்டிக் போன்றவர்களின் நாசில் 3 மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய குச்சி. சிலவற்றில் நீள்வட்டம், சிலவற்றில் அந்த நிறுவனத்துக்கே உரிய பூட்டு. வாங்கும் முன் ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

"டிப் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது"

பதற வேண்டாம். விளிம்பு வெளியே தெரிந்து, விரலால் பிடிக்க முடிந்தால் மெதுவாக எடுங்கள். தெரியவில்லை என்றால் பட்ஸ், கிளிப் எதையும் விடாதீர்கள், இன்னும் உள்ளேதான் போகும். காது மருத்துவர் தகுந்த கருவியோடு எளிதாக எடுத்துவிடுவார். அந்த டிப்பை மறுபடி பயன்படுத்த வேண்டாம். நாசிலைவிடத் துளை பெரிய டிப்தான் பெரும்பாலும் இப்படி கழன்று தங்கும்.

"போன வருஷம் நன்றாக இருந்தது, இப்போது இல்லை"

டிப்புக்கு வயசாகும். ஃபோம் தினமும் பயன்படுத்தினால் சில மாதங்களில் விரியும் வேகத்தையும் பிடிப்பையும் இழந்துவிடும். உருட்டிவிட்டால் எழவே எழாது, அல்லது உடனே எழுந்துவிடும், இரண்டுமே முடிவின் அறிகுறி. சிலிக்கான் நெடுநாள் வரும், ஆனால் அதுவும் மஞ்சளாகி, விறைத்து, அடிப்பக்கம் நாசிலில் உட்காரும் இடத்தில் கிழியும். வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தால் மெல்லிய கிழிசல் தெரியும். புதிய ஜோடி போட்டதும் பழைய சத்தம் திரும்பினால் வேறெதையும் தேட வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால்

மூன்று அளவு சிலிக்கான், ஒரு ஃபோம், சுத்தமான வலை, முனகல் சோதனையில் நடுவில் நிற்கும் சத்தம், காது மாற்றி மாட்டியும் அதே இயர்போனோடு நகரும் குறை. இவ்வளவும் ஆகிவிட்டதென்றால் கோளாறு உண்மையாகவே இயர்போனில் இருக்கிறது. என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள், குறை எந்தப் பக்க இயர்போனோடு நகர்ந்தது என்பதை இரண்டு வரியில் எழுதிப் பெட்டியில் வையுங்கள், பழுது பார்ப்பவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். கூட வந்த டிப்புகளை எண்ணிப் பார்த்து எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு டேப்பை ஒட்டுங்கள்.